துடுப்பும் கல்லூரியும்: கேள்வி–பதில்

கோடை விடுமுறை நெருங்குவதால் இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அமெரிக்காவின் ரோயிங் முகாம்களைப் பற்றியவை. கேட்டவர்களில் அப்பா அம்மாக்களே அதிகம். பிள்ளைகளும் சிலர் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் முதல் வணக்கம்.

கே: என் மகளுக்கு வயது 15. ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் படகுத்துறையில், அங்குள்ள பயிற்சியாளர்களே நடத்தும் கோடை முகாமுக்கு அழைப்பு வந்திருக்கிறது. போய்வந்தால் நாளைக்கு அங்கே சீட் கிடைக்க வழி பிறக்குமா?
— எடிசன், நியூ ஜெர்சி

ப: சீட்டுக்கு வழி பிறக்காது, துடுப்பு பிடிக்க வழி பிறக்கும். கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. விதிப்படி, பல்கலைக்கழகம் நடத்தும் முகாமில் யார் பணம் கட்டினாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வயது, வகுப்பு, ஆணா பெண்ணா, மொத்தம் எத்தனை இடம் என்பதை வைத்து மட்டுமே வரம்பு போடலாம். ‘உங்கள் மகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்’ என்ற தொனியில் கடிதம் வந்திருந்தால் அதை விளம்பரமாகவே படியுங்கள்.

அதற்காகப் போகாதீர்கள் என்று சொல்லமாட்டேன். நாலு நாள் ஒரே படகில் பார்க்கும் பயிற்சியாளருக்குச் சில விஷயங்கள் பிடிபடும். சொன்ன திருத்தத்தை அடுத்த ஸ்ட்ரோக்கிலேயே செய்து பார்க்கிறாளா, படகைத் தூக்கக் கூப்பிட்டால் முதலில் வந்து நிற்கிறாளா என்பதெல்லாம் எந்த விண்ணப்பப் படிவத்திலும் தெரியாது. ஆனால் சேர்க்கையை முடிவு செய்வது பள்ளி மதிப்பெண்ணும், எர்க் என்ற பயிற்சி மெஷினில் எடுத்த நேரமும், போட்டிகளில் அவள் உட்கார்ந்த படகு என்ன செய்தது என்பதும்தான்.

கே: அப்படியானால் முகாமில் என்னதான் கற்றுக்கொடுக்கிறார்கள்? நாலைந்து நாளுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் கேட்கிறார்களே!
— சான் ஹோசே

ப: நியாயமான கேள்வி. ஒரு நாளைச் சொல்கிறேன், விலைக்குத் தகுமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

காற்று கிளம்புவதற்கு முன்னால் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும் என்பதால் விடியற்காலையிலேயே தொடங்கிவிடுவார்கள். எட்டுப் பேர் வலிக்கும் படகு ஏறத்தாழ 18 மீட்டர் நீளம். எடை குறைந்தது 96 கிலோ. அதை அடுக்கிலிருந்து எடுத்து, தலைக்கு மேல் தூக்கி, திரும்பி, துறையின் ஓரத்தில் கால் விரல் பதித்து நின்று தண்ணீரில் இறக்க வேண்டும். சராசரியாகத் தலைக்கு 12 கிலோதான். ஒருவன் கவனம் சிதறினால் அவன் பங்கும் பக்கத்திலிருப்பவர்கள்மேல் விழும். படகை வழிநடத்தும் காக்ஸ் சொல்லும் வரை யாரும் கையை எடுப்பதில்லை. என்னைக் கேட்டால் ரோயிங்கின் முதல் பாடமே இதுதான், அதுவும் நிலத்திலேயே முடிந்துவிடுகிறது.

தண்ணீரில் இறங்கியதும் எட்டுப் பேரும் உடனே வலிக்கத் தொடங்குவதில்லை. ஆறு பேர் துடுப்பின் இலையைத் தண்ணீர்மேல் படுக்கவைத்துப் படகு சாயாமல் பிடித்துக்கொள்ள, இரண்டு பேர் மட்டும் வலிப்பார்கள். அப்புறம் நாலு பேர், ஆறு பேர், கடைசியில் எட்டு. இலையை நீருக்குள் இறக்குவது கேட்ச். காலால் உதைத்துத் தள்ளுவது டிரைவ். இலையை நீரிலிருந்து எடுப்பது ஃபினிஷ். உருளும் இருக்கையில் மறுபடி காலடிப் பக்கம் வருவது ரிகவரி. புதிதாக வருகிற எல்லோரும் இந்த ரிகவரியில்தான் அவசரப்படுவார்கள். எட்டு உடம்புகள் ஒரே நேரத்தில் படகின் பின்பக்கம் பாய்ந்தால் படகு முன்னால் போகும் வேகத்தை அவர்களே பிடித்து இழுத்த மாதிரி ஆகிவிடும். ‘மெதுவாக வா, மெதுவாக வா’ என்று பயிற்சியாளர் மோட்டார் படகிலிருந்து கத்திக்கொண்டே வருவார்.

மதியம் வீடியோ. தன் முதுகு வளைந்திருப்பதையும், மற்ற ஏழு இலைகளும் நீருக்குள் போன பிறகே தன் இலை இறங்குவதையும் பிள்ளை தன் கண்ணாலேயே பார்க்கிறது. வருடம் முழுக்கக் கத்திச் சொன்னாலும் உறைக்காதது அந்தப் பத்து விநாடியில் உறைக்கும். சாயங்காலம் மறுபடியும் தண்ணீர். நல்ல முகாம் என்றால் இவ்வளவு நடக்கும். நடக்காத முகாம்களும் உண்டு, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

கே: ரோயிங்குக்குக் கை பலம்தானே முக்கியம்?
— டாலஸ்

ப: கால். அப்புறம் இடுப்பு. கை கடைசியில்தான் வருகிறது.

கே: எல்லோரும் ‘எர்க் நேரம், எர்க் நேரம்’ என்கிறார்கள். அது என்ன? என் மகன் 2000 மீட்டரை 8 நிமிடத்தில் முடிக்கிறான். போதுமா?
— அட்லாண்டா

ப: எர்க் என்பது வலிக்கும் மெஷின். ஒரு முனையில் காற்றாடிச் சக்கரம், அதிலிருந்து ஒரு சங்கிலி, சங்கிலியின் நுனியில் கைப்பிடி. கான்செப்ட் 2 நிறுவனத்தின் மெஷினைத்தான் உலகம் முழுக்கக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். வெர்மான்ட்டில் டிரைசிகாக்கர் சகோதரர்கள் 1981-ல் இதைச் செய்தபோது சக்கரமாகப் பொருத்தியது ஒரு சைக்கிள் சக்கரம்! பாஸ்டனிலும் சென்னையிலும் இந்த மெஷின் காட்டும் எண்ணுக்குப் பொருள் ஒன்றே. காற்று, நீரோட்டம், பக்கத்து ஆளின் தவறு எதுவும் அதில் கலப்பதில்லை. பயிற்சியாளர்கள் அதை நம்புவதற்கு அதுவே காரணம்.

8 நிமிடம் என்றால் 500 மீட்டருக்கு 2 நிமிட ஸ்பிளிட். தொடங்குபவனுக்கு மோசமில்லை. ஆனால் வலுவான பல்கலைக்கழக ஆண்கள் அணிகள் தேடுவது 6 நிமிடம் 20 விநாடியும் அதற்குக் கீழும். பெண்களில் 7 நிமிடம் 20 விநாடியை ஒட்டி வந்தால் திரும்பிப் பார்ப்பார்கள். இதற்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. வேகத்துக்குத் தேவையான சக்தி அந்த வேகத்தின் மூன்றாம் அடுக்காக ஏறும். 2:00 ஸ்பிளிட்டுக்கு 203 வாட் போதும். 1:45-க்கு 302 வாட் வேண்டும். நேரம் எட்டில் ஒரு பங்கு குறைய, உழைப்பு ஒன்றரை மடங்காகிறது. ஆகவே 8-லிருந்து 7-க்கு வர நாலு நாள் முகாம் போதாது. பள்ளிப் பருவத்தின் இரண்டு மூன்று குளிர்காலங்கள் அதற்குப் போகும்.

இன்னொன்று. மெஷினின் பக்கத்தில் 1 முதல் 10 வரை ஒரு நெம்புகோல் இருக்கும். பையன்கள் வீம்புக்கு 10-ல் வைப்பார்கள். முதுகு போய்விடும். பழகியவர்கள் பெரும்பாலும் 3-க்கும் 5-க்கும் இடையில்தான் வைக்கிறார்கள். உங்கள் மகன் எதில் வைக்கிறான் என்று இன்றைக்கே பாருங்கள்.

கே: மகன் ஐந்தடி நாலங்குலம், ஐம்பது கிலோ. ‘உனக்கெல்லாம் எதற்கு ரோயிங்’ என்று சித்தப்பா சிரிக்கிறார்.
— ஃபிலடெல்பியா

ப: சித்தப்பாவிடம் காக்ஸ் என்று ஒருவர் இருப்பதைச் சொல்லுங்கள். வலிக்கிற எட்டுப் பேரும் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். எதிரே என்ன வருகிறது என்று பார்ப்பவர் காக்ஸ் ஒருவர்தான். சுக்கான் அவர் கையில், மைக் அவர் வாயில். எப்போது வேகத்தைக் கூட்டுவது, யார் சோர்கிறார், பக்கத்துப் படகு எத்தனை இருக்கை பின்னால் என்பதையெல்லாம் அவரே சொல்ல வேண்டும். உலகப் போட்டிகளில் காக்ஸின் எடை குறைந்தது 55 கிலோ. குறைகிற எடைக்குப் படகில் பாரம் வைத்துவிடுவார்கள். ஆண்கள் படகுக்குப் பெண்கள் காக்ஸாக இருப்பது கல்லூரிகளில் சாதாரணம், ஆகவே வீட்டில் மகள் இருந்தால் இது அவளுக்கும் பொருந்தும். பல முகாம்களில் காக்ஸ்களுக்குத் தனி வகுப்பே உண்டு. சேர்ப்பதானால் அதில் சேருங்கள். தன் குரலை ஒலிப்பதிவு செய்து கேட்டுப் பழகட்டும். பயிற்சியாளர்கள் காக்ஸிடம் கேட்பது அந்தப் பதிவைத்தான்.

உயரம் கூடி எடை கூடாவிட்டால் லைட்வெயிட் பிரிவு இருக்கிறது. கல்லூரி ஆண்களுக்கு 160 பவுண்டு வரம்பு. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வளர்கிற பிள்ளையைப் பட்டினி போட்டு அந்த வரம்புக்குள் அடைக்காதீர்கள்.

கே: நீச்சல் தெரியாமல் அனுப்பலாமா?
— ஹூஸ்டன்

ப: கூடாது. முதலில் நீச்சல், பிறகு துடுப்பு. ஒழுங்கான முகாம் எதுவும் நீச்சல் சோதனை வைக்காமல் படகில் ஏற்றாது. படகு கவிழ்ந்தால் கரை பக்கம்தானே என்று நீந்தப் போகாமல் படகையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். படகு மிதக்கும், பயிற்சியாளரின் மோட்டார் படகு வந்து சேரும்.

கே: அக்காவுக்கு ரோயிங் ஸ்காலர்ஷிப் கிடைக்கலாம் என்கிறார்கள். தம்பிக்கு அதே பேச்சை எடுத்தால் உதட்டைப் பிதுக்குகிறார்கள். ஏன் இந்த ஓரவஞ்சனை?
— சிகாகோ

ப: ஓரவஞ்சனை இருந்தது உண்மை, ஆனால் எதிர்த் திசையில்.

அமெரிக்காவில் கல்லூரிகளுக்கிடையே நடந்த முதல் விளையாட்டுப் போட்டியே படகுப் போட்டிதான். 1852-ல் ஹார்வர்டும் யேலும் மோதின. அங்கிருந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் அது ஆண்களின் சொத்தாகவே இருந்தது. 1972-ல் டைட்டில் நைன் சட்டம் வந்தது. அரசுப் பணம் வாங்கும் கல்வி நிறுவனம் ஆண் பெண் பேதம் பார்க்கக் கூடாது என்றது. சட்டம் வந்துவிட்டது, குளியலறை வரவில்லை. யேல் பெண்கள் அணி ஹூசடானிக் ஆற்றில் குளிரில் பயிற்சி முடித்து, ஆண்கள் வெந்நீரில் குளித்துவிட்டு வரும் வரை நனைந்த உடையோடு பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும். பெண்களுக்கு அந்தப் படகுத்துறையில் குளிக்க இடமே இல்லை. 1976 மார்ச்சில் அணித் தலைவி கிறிஸ் எர்ன்ஸ்ட்டும் தோழிகளுமாக 19 பேர் விளையாட்டு நிர்வாகியின் அறைக்குள் போனார்கள். மேலாடையைக் கழற்றி, முதுகில் எழுதியிருந்த ‘டைட்டில் நைன்’ என்ற எழுத்துகளைக் காட்டியபடி எர்ன்ஸ்ட் தங்கள் அறிக்கையைப் படித்தார். நியூயார்க் டைம்ஸில் செய்தி வந்தது, நாடெங்கும் பேச்சானது, குளியலறையும் வந்தது. அதே ஆண்டு மான்ட்ரியால் ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கான ரோயிங் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. எர்ன்ஸ்ட் அதிலும் துடுப்பு பிடித்தார். உங்கள் மகள் முகாமுக்குக் கிளம்பும் முன் இந்தக் கதையை அவளுக்குச் சொல்லுங்கள். அவள் ஏறப்போகும் படகை இறக்கிவைத்தவர்கள் அவர்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு. ஆண்கள் மட்டும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து முதல் நிலைக் கல்லூரிகளில் 85 ஸ்காலர்ஷிப் வரை எடுத்துக்கொண்டது. அதற்கு ஈடுகட்ட, நிறைய வீராங்கனைகளைச் சேர்க்கக்கூடிய பெண்கள் விளையாட்டு ஒன்று பல்கலைக்கழகங்களுக்குத் தேவைப்பட்டது. ரோயிங் கச்சிதமாகப் பொருந்தியது. என்.சி.ஏ.ஏ. 1997 முதல் பெண்களுக்குத் தேசியப் போட்டி நடத்துகிறது, ஓர் அணிக்கு 20 ஸ்காலர்ஷிப் வரை அனுமதித்தது. 2025-ல் விதிகள் மாறி, ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்குப் பதில் அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற வரம்பு வந்திருக்கிறது. ஆகவே ஒவ்வொரு பல்கலைக்கழகத்திடமும் இன்றைய நிலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆண்கள் ரோயிங் என்.சி.ஏ.ஏ.வின் கீழ் இல்லை. 1895-ல் தொடங்கிய ஐ.ஆர்.ஏ. போட்டிதான் அவர்களுக்குத் தேசியப் போட்டி. அங்கே ஸ்காலர்ஷிப் பணம் குறைவு. தம்பிக்கு ரோயிங் பெரும்பாலும் சேர்க்கைக்குக் கைகொடுக்கலாம், கட்டணத்துக்குக் கைகொடுப்பது அபூர்வம்.

கே: ஹார்வர்ட், பிரின்ஸ்டன் மாதிரி இடங்களில்?
— பாஸ்டன்

ப: ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் எட்டிலும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி மட்டுமே.

கே: ஓர் ஆலோசகர் ‘பையன் படகில் ஏறவே வேண்டாம், மெஷினில் உட்காரவைத்து நாலு போட்டோ எடுத்துக் கொடுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்கிறார். நம்பலாமா?
— (ஊர் வேண்டாம் என்கிறார்)

ப: இன்றோடு அவர் எண்ணை அழித்துவிடுங்கள். 2019-ல் அமெரிக்காவை உலுக்கிய சேர்க்கை மோசடி வழக்கில் நடந்தது எழுத்துக்கு எழுத்து இதுதான். அந்த வழக்கில் சிக்கிய ஒரு வீட்டில், ரோயிங்கே தெரியாத பிள்ளைகளை எர்க் மெஷினில் உட்காரவைத்துப் படம் எடுத்து, தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு ரோயிங் வீராங்கனைகள் என்று அனுப்பினார்கள். அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் இருவரும் சிறைக்குப் போனார்கள். அம்மா இரண்டு மாதம், அப்பா ஐந்து மாதம். போட்டோவை விடுங்கள். அந்த இடத்துக்காக ஐந்து வருடம் விடியற்காலையில் எழுந்த இன்னொரு வீட்டுப் பெண் ஒருத்தி இருந்திருப்பாளே, அவளை நினைத்துப் பாருங்கள்.

கே: என் மகன் அடையாற்றில் துடுப்பு பிடிக்கிறான். அமெரிக்க முகாமுக்கு அனுப்பக் கடன் வாங்கலாமா?
— சென்னை

ப: வாங்காதீர்கள். மெட்ராஸ் போட் கிளப் 1867-ல் தொடங்கியது. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றின் படகுத்துறைகளைவிட மூத்தது. அங்கே பழகுகிற பையனுக்கு அடிப்படை சொல்லிக்கொடுக்கக் கடல் தாண்ட வேண்டியதில்லை. எர்க் எண் இங்கிருந்தே அனுப்பலாம். பக்கவாட்டிலிருந்து எடுத்த இரண்டு நிமிட வீடியோவும் அனுப்பலாம். கொழும்போடு நடக்கும் ரெகாட்டா (படகுப் போட்டி) போன்றவற்றில் வலித்திருந்தால் அந்த முடிவையும் சேருங்கள். பயிற்சியாளர் ஒருவர் உண்மையாகவே ஆர்வம் காட்டி, பதினோராம் வகுப்பு முடிகிற கோடையில் வந்து பார் என்றால், அப்போது செலவைப் பற்றி யோசிக்கலாம்.

பிரிட்டனையும் மறக்க வேண்டாம். ஆக்ஸ்ஃபர்ட் கேம்பிரிட்ஜ் போட்டி 1829-ல் தொடங்கியது. அங்கே துடுப்பு பிடித்தால் சேர்க்கையில் சலுகை என்ற பேச்சே இல்லை. ஆனால் உள்ளே போய்விட்டால் அநேகமாக ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு படகுக் கழகம், துடுப்பையே பார்த்திராதவர்களுக்கும் அதில் இடம். படிப்பில் கெட்டியான பையனுக்கு அது அருமையான வழி.

கே: 16 வயதில் தொடங்குவது தாமதமா?
— சியாட்டில்

ப: உங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஹிட்லரின் கண்ணெதிரே எட்டுப் பேர் படகில் தங்கம் வென்றது வாஷிங்டன் பல்கலைக்கழக அணி. அந்தப் படகில் இருந்த ஜோ ரான்ட்ஸ் துடுப்பைத் தொட்டதே பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகு. இன்றும் பல பெண்கள் அணிகள் முதலாண்டில் புதியவர்களை, நீச்சலும் கூடைப்பந்தும் பழகி வந்த உயரமான பெண்களை, வளாகத்திலேயே தேடிப் பிடிக்கின்றன.

கே: 2028 ஒலிம்பிக்கில் 2000 மீட்டர் கிடையாதாமே?
— லாங் பீச்

ப: உங்கள் லாங் பீச்சில் அவ்வளவு நீளம் இடமில்லை, ஆகவே 1500. கல்லூரிப் பயிற்சியாளர் கேட்பது இன்னும் 2000தான்.

கே: முகாமைத் தேர்ந்தெடுக்கும்போது என்னென்ன கேட்க வேண்டும்?
— ராலி

ப: பெரிய பெயரை மூடிவைத்துவிட்டு இவற்றைக் கேளுங்கள். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தண்ணீரில்? ஒரு மோட்டார் படகு எத்தனை படகுகளைக் கவனிக்கிறது? தலைமைப் பயிற்சியாளர் தாமே வருவாரா, திறப்பு நாளில் கை குலுக்கிவிட்டுப் போய்விடுவாரா? கற்றுக்கொடுப்பது கல்லூரி மாணவர்கள் என்றால் அது குறையில்லை, நன்றாகச் சொல்லித்தரும் மாணவர்கள் உண்டு. ஆனால் கூடவே மேற்பார்வைக்கு யார் என்று கேளுங்கள். வெயிலிலும் இடியிலும் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். மின்னல் தெரிந்தால் உடனே கரையேற்றுவோம் என்ற பதில் யோசிக்காமல் வர வேண்டும்.

புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்குப் பல்கலைக்கழக முகாமைவிட, உள்ளூர்க் கழகம் நடத்தும் இரண்டு வார ‘லேர்ன் டு ரோ’ வகுப்பே நல்லது. விலையும் குறைவு. ஓரளவு பழகியவனுக்கு, இரண்டு கையிலும் துடுப்பு பிடிக்கும் ஸ்கல்லிங் முகாம். வெர்மான்ட்டின் கிராஃப்ட்ஸ்பரி அதற்குப் பேர் போனது. தனியாகப் படகில் உட்கார்ந்தால் தவறை யார்மேலும் போட முடியாது. தான் என்ன செய்கிறோம் என்பதைப் படகே உடனுக்குடன் சொல்லிவிடும். என்னைக் கேட்டால் எட்டுப் பேர் படகுக்குப் போகும் எந்தப் பிள்ளையும் ஒரு கோடையாவது இதில் கழிக்க வேண்டும்.

கே: உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். முதுகும் வலிக்கிறது என்கிறாள். நிறுத்திவிடலாமா?
— டொராண்டோ

ப: கொப்புளத்துக்கு நிறுத்த வேண்டாம். கழுவிச் சுத்தமாக வைத்துக்கொண்டால் காய்த்துப்போகும். முதுகு வேறு விஷயம். கீழ் முதுகு வலியும், விலா எலும்பில் வரும் நுண்ணிய முறிவும் இந்த விளையாட்டின் உண்மையான காயங்கள். மூச்சு இழுத்தால் விலாவில் குத்துகிறது என்றால் அன்றைக்கே நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். ‘பல்லைக் கடித்துக்கொள்’ என்று சொல்லும் பயிற்சியாளரிடமிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், கட்டிய பணம் போனாலும்.

கே: பையனுக்கு விருப்பமே இல்லை. ஆனால் விண்ணப்பத்தில் எடுப்பாக இருக்குமே?
— ஃப்ரிமான்ட்

ப: அனுப்பாதீர்கள் ஐயா. கல்லூரி அணியில் வாரத்துக்கு ஆறு நாள், விடியற்காலை, பெரும்பாலும் குளிர். விருப்பம் இல்லாதவன் முதல் குளிர்காலத்தில் விலகிவிடுவான், விலகிய பிறகு உங்களிடம் பேசவும் தயங்குவான். அவனுக்குப் பிடித்தது என்ன என்று இந்தக் கோடையில் கேட்டுப் பாருங்கள்.

கே: எனக்கு 16 வயது. எங்கள் பள்ளிப் படகில் ஐந்தாவது இருக்கை. பல்கலைக்கழகப் பயிற்சியாளருக்கு நான் எழுதலாமா, அவர் எழுதும் வரை காத்திருக்க வேண்டுமா?
— பிரின்ஸ்டன் ஜங்ஷன்

ப: நீயே எழுதும்மா. பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15-க்கு முன்னால் விதிப்படி பயிற்சியாளர் உன்னோடு சேர்க்கை பற்றிப் பேசக் கூடாது, ஆகவே பதில் வரவில்லை என்று அதற்கு முன்னால் வருத்தப்படாதே. நீ எழுதுவதற்குத் தடை இல்லை.

ஒரு பக்கத்துக்கு மேல் போகாதே. பெயர், பள்ளிப்படிப்பு முடியும் ஆண்டு, உயரம், எந்தப் பக்கம் வலிக்கிறாய், 2000 மீட்டர் நேரம், அதை எடுத்த தேதி, மதிப்பெண், வீடியோ இணைப்பு. நேரத்தில் ஒரு விநாடிகூடக் கூட்டிக் குறைக்காதே, நேரில் வந்தால் அதே மெஷினில் உட்காரவைப்பார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தில் என்ன படிக்க ஆசை என்று இரண்டு வரி எழுது. முகாமில் அவரைப் பார்த்திருந்தால் அவர் சொன்ன ஒரு திருத்தத்தையும், அதற்குப் பிறகு நீ என்ன செய்தாய் என்பதையும் எழுது. மூன்று மாதம் கழித்துப் புது எர்க் நேரத்தோடு இன்னொன்று அனுப்பு. எழுதி முடித்ததும் அப்பாவிடம் படித்துக் காட்டு. அனுப்பும் பட்டனை மட்டும் நீயே அழுத்து.